திரையில் நின்ற உடுக்கை

மேடம்,

இந்தத் திங்கட்கிழமை தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். எழுதும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, அதற்காக. கடையில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரை அசையவில்லை. அம்புக்குறி இருந்த இடத்தில் அந்தச் சின்ன உடுக்கை வந்து நின்றது. உடனே என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. நான் போகச் சொல்லவில்லை, அவையாகவே போய்விட்டன.

"இன்னா தாத்தா, வாத்தியார் முன்னாடி நிக்கிற மாதிரி கைய கட்டிக்கினு நிக்கிறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"உடுக்கை போவட்டும்மா."

"எந்த உடுக்கை?"

விரலால் காட்டினால் கை முன்னால் வந்துவிடுமே என்று தாடையால் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அய்ய, அது சும்மா வெயிட் பண்ணச் சொல்லுது தாத்தா."

சும்மாதான். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு தின்று படுத்த பிறகும் அந்த உடுக்கை கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் மேடம், நான்தான் எழுதுகிறேன். ரெக்கார்டு ரூம் அட்டெண்டர் ஏழுமலை. யாரையும் எழுதச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. என் கை, என் பேனா. மேலே உள்ள இத்தனை வரிக்கு இரண்டு காலைப்பொழுது ஆகியிருக்கிறது. நடுநடுவே எழுந்து போய் மகள் கஸ்தூரியிடம் காட்டிவிட்டு வருகிறேன். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே "ம், நல்லா கீதுப்பா" என்கிறாள். எனக்கு அது போதும்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் அதைக் கேட்டதில்லை.

நம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதைத் தொட எல்லோருக்கும் பயம். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ஊர், ரத்த வகை எல்லாம் அதுவரை சிவப்புத் துணி ஒட்டிய ஒரு பெரிய நோட்டில் இருந்தன. அதை நீங்கள்தான் புரோகிராம் எழுதிக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினீர்கள். கிளார்க் ஸ்டெல்லா, வேண்டிய வகையைக் கட்டத்தில் அடித்து ஒரு பொத்தானை அமுக்கினால், கொடுக்கக்கூடியவர்களின் பெயர்கள் பிரிண்டரில் வரவேண்டும். ஆனால் அமுக்கியதும் திரை அப்படியே உறைந்துவிடும். மெஷின் வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லா இன்னும் நான்கு முறை அமுக்குவாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள்.

"ஏழுமலண்ணா, தூங்கிடுச்சி. அமுத்துங்க."

மெயின் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சந்தில் என் கை மட்டும்தான் போகும். கையை நுழைத்து அணைப்பேன், பத்து எண்ணுவேன், மறுபடி போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இத்தனை படித்தவர்கள் இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டருக்கு வைத்தியன் நான்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் நீங்கள் மின்சார ரயிலில் வந்து இறங்குவீர்கள். வரும்போதெல்லாம் உள்ளே ஏதோ உடைந்து கிடக்கும். மத்தியானம்வரை அதை ஒட்டவைப்பதிலேயே போய்விடும். ஒருநாள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "யாருங்க இதோட கழுத்தை நெரிக்கிறது?" என்று கேட்டீர்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். வார்டு பாய் கன்னியப்பன் வாசலிலிருந்தே, "இவருதான் மேடம், கையும் களவுமா புடிச்சிக்கோங்க" என்றான்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு டீ வாங்கிவரச் சொன்னீர்கள். ஒரு டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, பொத்தானை ஒரே ஒருமுறை அமுக்கினீர்கள். "இப்போ யாரும் எதையும் தொட வேண்டாம். டீயை மட்டும் பாருங்க." டீயில் ஆவி அடங்கியது. மேலே ஏடு படிந்தது. வழக்கமாக நான் பீரோவுக்குப் பின்னால் கையை விடும் நேரம் அது. இன்னும் கொஞ்சம் போனது. பிறகு பிரிண்டர் வீலென்று கத்திக்கொண்டு பெயர்களைத் தள்ளியது.

"பாத்தீங்களா? அது வேலை செஞ்சிட்டுத்தான் இருந்திருக்கு. நான் வேலையில இருக்கேன்னு சொல்ல அதுக்கு வாயில்ல. வாய் வெக்காம விட்டது நான்தான்."

ஒவ்வொரு முறையும் பாதி வேலையில் அதைக் கொன்றவன் நான் என்று அப்போது புரிந்தது. எத்தனை பேருக்கு வரவேண்டிய பெயர்கள் என் கையால் வராமல் போயினவோ என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய் திரையில் ஏதோ எழுத்துகள் வருகிற மாதிரி செய்திருந்தீர்கள். ஸ்டெல்லா படித்துவிட்டுத் தலையாட்டினாள். "ஏழுமலை, நீங்களும் பாருங்க. இது இருக்கிற வரைக்கும் அணைக்கக் கூடாது" என்றீர்கள். நான் திரையைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன். "எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் அதைச் சொல்லும்போது தரையைத்தான் பார்ப்பேன். நீங்கள் உடனே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தீர்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னீர்கள். நான் கம்ப்யூட்டரில் எதையாவது அமுக்கியது அதுதான் முதல்முறை. அம்புக்குறி மறைந்து, நடுவில் ஒடுங்கி மேலும் கீழும் அகன்ற ஒரு சின்ன உருவம் வந்தது.

"உடுக்கை!" என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூமிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தார். மணலை வைத்து நேரம் அளக்கும் பாட்டில் என்று சொல்ல வந்தீர்கள். பிறகு அதை விட்டுவிட்டீர்கள். "சரி, உடுக்கைன்னே வெச்சிக்கலாம். உடுக்கை இருக்கிற வரைக்கும் உள்ள வேலை நடக்குது. யாரையும் கிட்ட விடாதீங்க. அப்போ உங்க கை எங்க இருக்கணும்?"

"பின்னாடி மேடம்."

அன்றிலிருந்து நான் அதற்குக் காவல். உடுக்கை வந்துவிட்டால் பெரிய டாக்டரே வந்தாலும் மெஷினைத் தொட விடமாட்டேன். கன்னியப்பன் எனக்குப் பூசாரி என்று பெயர் வைத்துவிட்டான். "பூசாரி, சாமி மலை ஏறிச்சா?" என்று கேட்டுக்கொண்டே போவான். போகட்டும் என்று விட்டேன். அந்தப் பெட்டியில் எனக்குப் புரிந்த ஒரே செய்தி அது. எனக்காகவே நீங்கள் போட்டது.

இன்று நான்காவது நாள் எழுதுகிறேன். இனி வருவது எழுதக் கஷ்டமான இடம். கண்ணாடியும் வந்துவிட்டது, சாக்குச் சொல்ல முடியாது.

கஸ்தூரிக்கு அப்போது நிறைமாதம். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்புதான், விபத்தில் அடிபட்டு வந்த ஒருவருக்காக நான் ரத்தம் கொடுத்தேன். என் வகை ஓ நெகட்டிவ் என்றும் அது கிடைப்பது அபூர்வம் என்றும் அன்றுதான் தெரிந்தது. ஸ்டெல்லா என் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"எப்பண்ணா பொறந்தீங்க?"

"ஏரி ஒடைஞ்ச வருசம்னு எங்கம்மா சொல்லும்."

"இந்தக் கட்டத்துல ஏரியெல்லாம் போட முடியாதுண்ணா." சிரித்துக்கொண்டே அதைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். அந்தக் காலிக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை அழுத சத்தம் கேட்டு நானும் என் வீட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே ரத்தம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவளுக்கும் என் வகைதான். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனேன். "நீங்க இப்பதானே குடுத்தீங்க, மறுபடி எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். மருமகன் சிட்டியிலிருக்கும் ரத்த வங்கிக்கு ரயில் பிடிக்க ஓடினார். போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் ரெக்கார்டு ரூமுக்கு ஓடினேன்.

ஸ்டெல்லா வகையை அடித்துப் பொத்தானை அமுக்கினாள். உடுக்கை வந்தது. அவளை மாடிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த போனில் மற்ற ஆஸ்பத்திரிகளைக் கேட்க வேண்டும்.

"அண்ணா, உடுக்கை வந்துடுச்சி. யாரையும் தொட விடாதீங்க. பிரிண்டர் கத்துச்சின்னா பேப்பரைக் கிழிச்சிகினு மேல ஓடியாங்க."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

டீ இல்லை. ஆனால் டீ ஆறும் நேரம் என் மனதுக்குத் தெரியும். அது ஆறியது. ஏடு படிந்தது. பிரிண்டர் கத்தவில்லை. பெரிய லிஸ்ட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் கடிகாரத்தின் பெரிய முள் கால் சுற்று வந்தது. உடுக்கை இருந்தது. உள்ளே வேலை நடக்கிறது. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். என் மகளுக்கு யார் ரத்தம் தருவார்கள் என்று அது தேடிக்கொண்டிருக்கிறது. இதோ, இப்போது கத்தும். அடுத்த மூச்சில் கத்தும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கன்னியப்பன் ஓடிவந்தான். அவன் முகத்தில் அன்று கிண்டல் இல்லை. "இன்னாப்பா, ஒண்ணும் வர்லியா? மேல ஸ்டெல்லா நாலு எடத்துல கேட்டாச்சு, இல்லன்றாங்க."

"வேலை நடக்குது."

"இம்மாம் நேரமா? செத்துப்போச்சுய்யா அது. நகரு, நான் அணைச்சிப் போடறேன்."

"தொடாதே."

"யோவ், உம் பொண்ணுய்யா!"

"எம் பொண்ணுன்றதாலதான் சொல்றேன், தொடாதே!"

அவனைத் தள்ளிவிட்டேன் மேடம். அவன் பீரோவில் இடித்துக்கொண்டான். இருபது வருடம் ஒரே டம்ளரில் டீ குடித்தவன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போனான். முன்பு எத்தனை முறை கடைசி நேரத்தில் அந்தப் பெட்டியைக் கொன்றிருக்கிறேன்! இன்றும் பட்டியல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் கொன்றுவிட்டால்? அந்த பயம்தான் என்னைக் கட்டிப் போட்டிருந்தது. முள் அரைச் சுற்றைத் தாண்டியது. முதுகுக்குப் பின்னால் என் கைகள் வியர்த்து ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் வழுக்கின. மாடியிலிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டாலும் கஸ்தூரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் பீரோவின் மேல் அந்தச் சிவப்புத் துணி நோட்டு கண்ணில் பட்டது. வாராவாரம் நான் தூசி தட்டும் நோட்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. மெஷினைத் தொடக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், நோட்டைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லையே என்று அப்போது தோன்றியது. கைகளைப் பின்னாலிருந்து எடுத்தேன். நாற்காலியில் ஏறி அதை இறக்கினேன்.

திறந்தால் பக்கம் பக்கமாக எழுத்து. எல்லா வரியும் எனக்கு ஒன்றுபோல இருந்தது. அதில் ஏதோ ஒரு வரியில் என் மகளின் உயிர் இருக்கிறது, அது எந்த வரி என்று அப்பனுக்குத் தெரியவில்லை. ஆனால் மேடம், நான் ரத்த பாட்டில்களைத் தூக்கியவன். பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்தவன். மூன்று வாரம் முன்பு என் பாட்டிலில் ஒட்டியது நினைவுக்கு வந்தது. ஒரு வளையம், பக்கத்தில் படுத்திருக்கும் சின்னக் கோடு. வளையத்தோடு சிலுவை இருந்தால் அது வேறு. நோட்டின் ஓரத்தில் ஒரு பத்தி முழுக்க அந்த மாதிரிக் குறிகள் இருந்தன. விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினேன். வளையம், சிலுவை. வளையம், சிலுவை. என்னவோ ஒன்று, கோடு. வளையம், சிலுவை. பக்கத்தைத் திருப்பினேன். நாலு பக்கம் தள்ளி வளையமும் கோடும் வந்தன. இடது கை விரலை அதன்மேல் அழுத்திக்கொண்டேன். அதே பக்கத்தில் இன்னொன்று. எதிர்ப்பக்கத்தில் ஒன்று.

மூன்று விரல்களையும் நோட்டின்மேல் ஊன்றிக்கொண்டு கத்த வாயெடுக்கிற நேரத்தில், நீங்கள் தோளில் பையோடு உள்ளே வந்தீர்கள். வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு மறந்திருந்தது.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கஸ்தூரி, ரத்தம், உடுக்கை என்று உளறியிருப்பேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். "எவ்வளவு நேரமா இருக்கு?" என்றீர்கள். கடிகாரத்தில் பெரிய முள் வந்த தூரத்தைக் காட்டினேன். உங்கள் முகம் வெளுத்தது.

அந்தப் பெட்டியை நீங்கள் தொடவில்லை. நேராக என் விரல்களுக்குப் பக்கத்தில் குனிந்தீர்கள். "எடுக்காதீங்க, எடுக்காதீங்க. இது கோவளம், தூரம். இவர் ஊரை விட்டுப் போயிட்டார்னு எழுதியிருக்கு. இது பீர்க்கன்கரணை. ஏரிக்கரைத் தெரு, டெய்லர். போன் இல்ல. தெரு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"வாங்க."

ஸ்டெல்லாவின் மொபெட் சாவி மேஜையில் இருந்தது. நீங்கள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் கைகள் பின்னால்தான் இருந்தன. திரும்பும் இடங்களை நான் கத்தினேன், கதவு நம்பர்களை நீங்கள் கத்திப் படித்தீர்கள். டெய்லர் யாருடைய ரவிக்கைக்கோ துணி வெட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு வாக்கியம் சொல்லும் முன்பே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "தோ, கெளம்பிட்டேன். கடையை எதிர் வூட்டக்கா பாத்துக்கும்." ஒரு ஆட்டோவை நிறுத்தி அவரும் நானும் ஏறினோம். ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுக்கும்போதும் அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கமாகக் கையை மூடித் திறந்துகொண்டே, "பொண்ணா பையனா?" என்று என்னைக் கேட்டார். குழந்தையைப் பற்றி அதுவரை ஒருவரும் பேசவில்லை. பெண் என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மருமகன் சிட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலோடு வருவதற்குள் கஸ்தூரி கண்ணைத் திறந்துவிட்டாள். அரைமணி நேரம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். அதைக் கேட்காமல் நான் வெளியே வந்துவிட்டேன். அந்த அரைமணி என்னிடம் இருந்தது மேடம். நான்தான் கைகளைக் கட்டிக்கொண்டு அதைச் செலவழித்தேன்.

சாயங்காலம் நீங்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். கன்னியப்பன் முதுகில் யாரோ தைலம் தேய்த்துவிட்டிருந்தார்கள், அந்த வாசனை ரூமெல்லாம். நான் வாசலில் நின்று, "எம் மேல தப்பா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்ல. நான் சொன்னதை அப்படியே செஞ்சீங்க. அதை நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு." நாற்காலியை என் பக்கம் திருப்பினீர்கள். "தேடுற வழியில கல்லு ஏதாவது தடுக்கினா, வேலையை விட்டுட்டு நேரா வாசலுக்கு ஓடிடுன்னு அதுக்கு எழுதி வெச்சிருந்தேன். அப்படித்தான் ஓடியிருக்கு. ஓடும்போது உடுக்கையை எடுத்துட்டு ஓடுன்னு எழுத மறந்துட்டேன். நீங்க காவல் நின்னீங்களே, அது ஆளில்லாத வீடு ஏழுமலை."

என்ன கல் என்று கேட்டேன். நீங்கள் சொல்லத் தயங்கினீர்கள். ஸ்டெல்லாதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பட்டியலில் எல்லோருடைய வயதையும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்த மெஷின், ஓ நெகட்டிவில் புதிதாக ஏறிய ஒரு பெயரில் பிறந்த தேதி இல்லாமல் தடுக்கி விழுந்திருக்கிறது. அந்தப் பெயர் ஏழுமலை.

நான் மேஜைக்கு ஓடி வந்தேன். "எதுனா ஒரு தேதியப் போட்டு ரொப்பிடுங்க மேடம். ஸ்கூல்ல அப்படித்தானே போடுவாங்க" என்று கெஞ்சினேன்.

"வேண்டாம். தெரியாததைத் தெரியாதுன்னு விடுறது தப்பில்ல. அதைத் தாங்கிக்க இதுக்குத்தான் கத்துக்குடுக்கணும்."

அன்று கடைசி ரயிலுக்கு முந்தின ரயில்வரை இருந்து அதைக் கற்றுக்கொடுத்தீர்கள். எங்கே தடுக்கினாலும் முதல் வேலையாக உடுக்கை இறங்க வேண்டும். பிறகு டிங்கென்று ஒரு சத்தம், ஒரு சிவப்புப் படம். எனக்கு இரண்டு முறை காட்டினீர்கள். "வேலை நடக்குதுன்னு சொல்லத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. நின்னு போச்சுன்னா, நின்னு போச்சுன்னும் சொல்லணும்" என்றீர்கள்.

இதை எழுதிவிட்டு ஒருநாள் முழுக்க நோட்டை மூடி வைத்துவிட்டேன். அடுத்ததைச் சொல்ல எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் கோபம் தேவைப்படுகிறது.

ஒரு வருடம்போல் கழித்து நீங்கள் வருவது நின்றது. செவ்வாயும் வெள்ளியும் உங்கள் நாற்காலியைத் துடைத்து வைப்பேன். "மேடம் எப்ப வருவாங்க?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டால், "லீவுண்ணா, வந்துடுவாங்க" என்பாள். அதை நம்பினேன். அப்படிச் சொல்லச் சொன்னதே நீங்கள்தான் என்று பிறகு தெரிந்தது. உடம்பு சரியாகிவிடும், ஆஸ்பத்திரியில் யாரும் கவலைப்பட வேண்டாம் என்றீர்களாம். இங்கே தாம்பரத்திலிருந்து உங்கள் குரோம்பேட்டை வீடு எவ்வளவு தூரம் மேடம்? இரண்டு ஸ்டேஷன். ஒரு நடை வந்து பார்த்திருக்கமாட்டேனா? உடுக்கை நிற்கிறது, உள்ளே வேலை நடக்கிறது என்று நான்கு மாதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஆபீஸிலிருந்து, நோட்டீஸ் போர்டில் குத்தச் சொல்லி ஒரு டைப் அடித்த தாளைக் கொடுத்தார்கள். அது என் வேலை. நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினேன். நேராக இருக்கிறதா என்று இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். ஒரு மூலை தாழ்ந்திருந்தது, சரி செய்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது ஸ்டெல்லா போர்டுக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னா ஸ்டெல்லா?"

"நீங்கதானேண்ணா குத்தினீங்க? நம்ம மேடம்ணா..."

உங்கள் சாவை என் கையால் சுவரில் குத்திவிட்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்தவன் நான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே கடப்பேரியில் பெரியவர்களுக்கு நடக்கும் காலை வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் டீச்சர், "உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச எழுத்து ஏதாவது இருந்தா போர்டுல எழுதுங்க" என்றார். நான் எழுந்து போய் ஒரு வளையம் போட்டு, பக்கத்தில் சின்னக் கோடு போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "பூஜ்யமா தாத்தா?" என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். நான் படித்த முதல் எழுத்து அதுதான், அதைப் படித்ததால்தான் என் மகள் எனக்குச் சோறு போடுகிறாள் என்று மறுநாள் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இப்போது பஸ் பலகை படிக்கிறேன். மருந்துச் சீட்டைப் படித்துக் கன்னியப்பனுக்குச் சொல்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் சாவுச் செய்திகளை நின்று கடைசி வரிவரை படிக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது மேடம். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன். வகுப்பில் சேர ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். எழுதப் பழகிய பிறகு அதை நானே நிரப்பினேன். பிறந்த தேதிக் கட்டம் வந்தது. பழைய பயத்தில் பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு நிதானமாகத் "தெரியாது" என்று எழுதினேன். நான்கு எழுத்து, கட்டத்துக்குள் அழகாக அடங்கியது.

ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. யாரையாவது "இருங்க, வந்துடறேன்" என்று நிறுத்திவிட்டுப் போனால், போன காரியம் நடக்காவிட்டாலும் திரும்பி வந்து நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒருமுறை அதற்காகவே கொட்டும் மழையில் பெருங்களத்தூர்வரை போனேன். கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

கஸ்தூரி வாசலில் நின்று கேட்கிறாள்: "இன்னாப்பா, ஒரு வாரமா எழுதினு கீறே, முடிஞ்சுதா இல்லியா?"

இந்த ஒரு வாரமும் என் கைகள் பின்னால் போகவே இல்லை. இதோ, அவளுக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முடிந்தது மேடம்.

ஏழுமலை